நாற்பத்தொன்றாவது நிமிஷம்

"நாப்பத்தொண்ணாவது நிமிஷத்துல டிஸ்க் நின்னுடணும் சார். என் தங்கச்சிக்குக் குடுக்கற டிஸ்க் மட்டும்."

டிஸ்க்கில் ஏற்றித் தர வந்த வீடியோ கேசட்டை வாங்கிய கொடிக்காரர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். கசங்காத சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை.

"வெளியில பலகையைப் பாத்துட்டுத்தானே உள்ள வந்தீங்க?"

'எந்த பிளேயரிலும் ஓடும். ஓடாவிட்டால் கடையை மூடுகிறேன்.' அவரே எழுதியது. லீவு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் கொடி பிடித்து, மில் வேலையைப் பறிகொடுத்தவர். வேலை போயிற்று; பட்டப்பெயரும் வீம்பும் தங்கிவிட்டன.

"பாத்தேன் சார். என்னோடது ஓடட்டும். அவளோடது நிக்கணும்."

"அந்த இடத்தை மட்டும் வெட்டிடலாமே?"

"கேமரா அவ வாங்கிக் குடுத்தது. ஒரு மணி நேரக் கேசட்னு அவளுக்குத் தெரியும். குறைஞ்சா மீதி எங்கேன்னு துளைச்சு எடுத்துடுவா. டிஸ்க் கோளாறுன்னா விட்டுடுவா."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"அப்பா பேசறார். போறதுக்கு நாலு நாள் முன்னாடி." வந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அது அவளுக்கு வேண்டாம் சார். தயவு பண்ணுங்க."

"தங்கச்சிக்கு என்ன வேலை?"

"தையல் ஃபேக்டரி. இங்கதான் ஹாஸ்டல்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை அவளே வந்து வாங்கிப்பா."

கொடிக்காரருக்கு அதுவே போதும், புரிந்துவிட்டது. அண்ணன் அதிகாரி. தங்கை மெஷின் மிதிப்பவள். சாகிற நேரத்தில் அப்பன் அவளுக்கு வீட்டையோ நிலத்தையோ சொல்லியிருக்கிறான். இவன் அமுக்கப் பார்க்கிறான். இந்த மாதிரி ஆட்களை எத்தனை மேடையில் கிழித்திருக்கிறார்!

"செஞ்சு வைக்கிறேன்" என்றார். செய்வதாக இல்லை.

அன்றே உட்கார்ந்தார். டிஸ்க்கில் அவசரமாக எழுதினால் பழைய பிளேயர் திக்கும் என்று வேகத்தைக் குறைத்து எழுதினார். எழுதிய டிஸ்க்கைக் கடைசியில் முறையாக முடித்து மூடாவிட்டால் வேறு மெஷினில் ஏறாது என்பதால் அதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். கடையில் இருந்த நாலு பிளேயரிலும் போட்டு ஓட்டினார், எப்போதும் போலச் சத்தத்தை அணைத்துவிட்டு. அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது அவருக்குத் திருட்டு மாதிரி.

ஊமைப்படமாக ஓடியது. கட்டிலில் சாய்ந்து ஒரு கிழவர் சிரித்தார். நாற்பத்தொன்றாவது நிமிஷத்தில் சிரிப்பு போயிற்று. விரலை ஆட்டி என்னவோ ஆணையிட்டார்.

'நினைச்சேன்' என்றார் கொடிக்காரர்.

அந்த வாரம் முழுக்க அண்ணனின் போன்.

"வந்தாளா சார்?"

"இல்ல."

"சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

ஒவ்வொரு முறை போனை வைத்ததும் கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விஷயம் வெளியே வந்தால் வக்கீலை வைத்துக் கடையைப் பூட்டிவிடுவானோ? பூட்டட்டும். மில் வேலையே போயாயிற்று, இது என்ன பிரமாதம்! அப்படியும் இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய தழும்பு.

"அண்ணே, எங்க ஹாஸ்டல் பிளேயர் ஒரு சனியன். பாதி டிஸ்க்கைத் துப்பிடும். இங்க போட்டுக் காட்டறீங்களா?"

"இதைத் துப்பாதும்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரு இடத்தை நீ பாக்காம டிஸ்க் அங்கயே நின்னுடணும்னு உங்கண்ணன் கேட்டார். நான் விடல. அந்த இடத்தையே மொதல்ல பாரு."

இருப்பதிலேயே பழைய பிளேயரில் டிஸ்க்கைத் தள்ளி, நேராக நாற்பதாவது நிமிஷத்துக்குப் போனார்.

"சத்தம் வைங்கண்ணே. அப்பா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

வைத்தார்.

"டீயைக் குடிக்கக் குடுடான்னா குளிப்பாட்டி விடறானே!" கிழவர் சட்டையை உதறிக்கொண்டு சிரித்தார். தங்கையும் சிரித்தாள்.

"அப்பா, சின்னவ போன் பண்ணியிருந்தா." படத்தில் தெரியாத அண்ணனின் குரல்.

கிழவரின் விரல் எழுந்தது. "அவ பேச்சை எடுக்காதே. அப்பன் சாகக் கிடக்கறேன், எட்டிப் பாக்கல. நான் போனப்புறம் வந்தா வாசல்ல கால் வைக்க விடாதே. அவ என் மகளே இல்ல."

"ஃபேக்டரியில லீவு குடுக்கலப்பா. போன்ல அழுதாப்பா அவ..."

கொடிக்காரர் பதறி ரிமோட்டை அமுக்கினார். விரல் இடம் தவறி, சத்தம்தான் இன்னும் ஏறியது. 'என் மகளே இல்ல' என்று கிழவர் மறுபடியும் கத்தினார். கொடிக்காரர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார்.

லீவு! அந்த ஒரு வார்த்தைக்காக மில் வாசலில் அறுபது நாள் உட்கார்ந்தவர், இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

மேஜை மேல் போன் அடித்தது. அண்ணன். கொடிக்காரர் பிடுங்கிய ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

தங்கை துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவளே எடுத்தாள்.

"நான்தான் அண்ணா. வாங்கிட்டேன். என்ன கடை பிடிச்சே நீ? டீயைக் கொட்டினதும் அப்பா சிரிக்கிறாரே, அங்கயே நின்னு போச்சு. அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது." குரல் பிசிறவில்லை. "சண்டையெல்லாம் போட வேண்டாம், விடு. அப்பா சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். எனக்கு அது போதும்."

பிறகு போனை நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

கொடிக்காரர் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அண்ணன்.

"ரொம்ப நன்றி சார். வேற யாரா இருந்தாலும் என்னைத் தப்பா நினைச்சிருப்பாங்க."