வராதுன்னு எழுது

எனக்கு வராதாம். அதையும் நானே என் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

கலைமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற மேனேஜர் கிறிஸ்துதாஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"ரெண்டே வரிதாம்மா. 'பவர் பி.ஐ. எங்க ஸ்டாஃபுக்குக் கஷ்டமா இருக்கு, எக்செல்லே போதும்.' மெயிலை அனுப்பிட்டு நீ அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிடு."

புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில், இரும்புத் தகடுகளை அழுத்தி மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. மாத அறிக்கையை இனி பழைய எக்செல்லில் தயாரிப்பதா, பவர் பி.ஐ. என்ற புது மென்பொருளிலா என்று சென்னைத் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. ஒவ்வொரு கிளையும் இரண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அறிக்கை தயாரிப்பவரே பதில் எழுத வேண்டும். இங்கே அது கலைமகள்.

அவளுக்கா வராது? பி.சி.ஏ. படித்தவள். சோற்றை ஆறவிட்டு, சாப்பாட்டு நேரமெல்லாம் வீடியோ பார்த்துப் பழகியவள். போன வாரம் திரையில் வரைபடங்கள் வண்ண வண்ணமாக எழுந்து நின்றபோது, இதே மனிதர்தான் "த்ரே பியான்! பிரமாதம்!" என்று கைதட்டினார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ரொம்பச் சந்தோஷம் வந்தால்தான் அவர் வாயில் பிரெஞ்சு வரும்.

அந்தச் சந்தோஷம், ஆகஸ்ட் மாதத்தின் மேல் இருந்த சிவப்புப் புள்ளி கண்ணில் படும்வரைதான்.

"எனக்கு வருதே சார்," என்றாள்.

"வருதும்மா. யாரு இல்லன்னாங்க? சென்னைக்காரனுக்கும் இதைத் தொறந்து பார்க்க வருமே, அதான் பிரச்சினை!"

அடுத்த மேஜையிலிருந்து கணக்குப் பிரிவு இளம்பரிதி தலையை நீட்டினான். "சார் சொல்றது கரெக்ட்தான் கலை. எக்செல்ல நாம மீனை வறுத்துத் தட்டுல வெச்சு அனுப்புறோம். வாங்கித் தின்னுட்டுப் போயிடுவான். இது தேங்காய்த்திட்டு மீன் ஏலம் மாதிரி. அவனவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான்."

"நாறலன்னா பார்த்துட்டுப் போகட்டுமேண்ணா."

இளம்பரிதியின் தலை உள்ளே போய்விட்டது.

கிறிஸ்துதாஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார். "அந்த ஒரு புள்ளிதாம்மா. நாலாம் நம்பர் பிரஸ். தொட்டா போதும், மெஷின் எவ்ளோ நேரம் நின்னுச்சு, முதலுதவி ரூம்ல என்ன எழுதினாங்க, எல்லாம் தானா விரியுது. எக்செல்ல ஆகஸ்டுக்கு என்ன போட்டிருக்கோம்? விபத்து சைபர்."

"சைபர் இல்லியே சார்."

"நம்ம கம்பெனி வழக்கப்படி சைபர்தான். அடிபட்டவங்க மறுநாள் வேலைக்கு வந்துட்டா அது விபத்துல சேராது, முதலுதவி. வேணும்னா ரிஜிஸ்டரைப் பாரு. ஒருத்தருக்கும் ஒரு நாள்கூட லீவு இல்ல."

'வந்துட்டா'வாம். எவ்வளவு வழவழப்பாகச் சொல்கிறார்!

எது இப்படி எரிகிறது என்று கலைமகள் தனக்குள்ளேயே தேடினாள். தெரியாது என்று எழுதச் சொன்னதா? தெரிந்ததை மறைக்கச் சொன்னதா? இரண்டுக்கும் அடியில் வேறொன்று கிடந்தது. அதன் பக்கம் போகாமல் நின்றுகொண்டாள்.

"அந்த மெஷின்ல கை உள்ளே போகாத மாதிரி தடுப்பு போட்டாச்சா சார்?"

"போடுவோம். இப்ப இந்தப் புள்ளி சென்னைக்குப் போனா, தடுப்பு போடுற வரைக்கும் மெஷினை நிறுத்தும்பான். மாசக் கடைசி ஆர்டரை யாரு முடிக்கிறது? நீயா, நானா?"

"இன்னிக்கு அதுல ரூபி நிக்கிறா சார். கல்யாணம் நிச்சயமாயிருக்கு அவளுக்கு."

"ரூபி உஷாரான பொண்ணும்மா. கவனமா நிப்பா."

அப்படியானால் ஆகஸ்டில் அதில் நின்றவள் உஷார் இல்லாதவள். மெஷின் மேல் குற்றமில்லை. தடுப்பைக் கழற்றிவிட்டு, வேகமா ஓட்டு என்று விரட்டிய சூப்பர்வைசர் மேல் குற்றமில்லை. தப்பெல்லாம் அவளுடையது.

"தடுப்பு போட்டு ஓட்டுனா என்ன சார்? கொஞ்சம் மெதுவா ஓடும். அவ்ளோதானே?"

"இங்க பாரும்மா." அவருடைய குரலில் இப்போது கனிவு இல்லை. "உனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்? லைன்ல கால் கடுக்க நின்னுட்டிருந்தவளைக் கூட்டியாந்து, ஏ.சி.ல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சிருக்கோம். எத்தினி பேருக்குக் கெடைக்கும்? நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல?"

பக்கத்து மேஜையில் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றது.

நன்றி! அந்தச் சொல்தான், அவள் இவ்வளவு நேரம் ஒதுங்கி நின்ற இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது. வேலை போனால் போகட்டும். வீட்டில் அண்ணன் கத்துவான். கத்தட்டும். ரூபி அந்த மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.

மெயில் பெட்டியைத் திறந்தாள். கிறிஸ்துதாஸ் முகம் மலர்ந்தார். "அப்படி வா வழிக்கு. நானே சொல்றேன், எழுதிக்கோ. 'எங்களுக்கு இது வரவில்லை...'"

"மாட்டேன் சார்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "எனக்கு இது நல்லா வருது. அப்படித்தான் எழுதப்போறேன்."

ஆகஸ்டில் நாலாம் நம்பர் பிரஸ் வலது கையின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட மறுநாள், கணக்கில் ஒரு லீவுகூட விழக்கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்தே கம்பெனி காரில் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட கலைமகள், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள்.