மீசை வெளுத்த பொம்மை

வாசலுக்கு மேலே முன்சுவரில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. தெருவில் போகிறவர்களின் வயிற்றெரிச்சலையெல்லாம் வாங்கி வாங்கி, வெயிலில் அதன் மீசையும் வெளுத்துவிட்டது.

"நீங்க இல்லேன்னா நான் எப்பவோ விரிசல் விட்டிருப்பேண்ணே," என்று சுவர் அடிக்கடி உருகும்.

சித்திரை பிறந்ததும் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. "மிச்சப் பெயிண்டுல உங்க மீசையத் தீட்டச் சொல்றேண்ணே," என்றது சுவர். பொம்மை நம்பியது. இடைஞ்சலென்று அந்த ஆள் தன்னைக் கழற்றிக் கீழே போட்டபோதும், தன் தலையிலேயே பிரஷ்ஷைத் துடைத்தபோதும் மீசைக்காக அது பொறுத்துக்கொண்டது.

வேலை முடிந்தது. சுவர் மாம்பழ மஞ்சளில் மினுமினுத்தது. பழைய ஆணியில் புதுப் பொம்மை ஏறியது. பழையது எதிர்க் குப்பைமேட்டுக்குப் போனது.

"தம்பி, நான் இங்க கிடக்கேன்டா!" என்று அங்கிருந்து கூப்பிட்டது.

சுவர் புதுப் பொம்மையிடம் சொன்னது: "அந்தப் பக்கம் பாக்காதீங்கண்ணே, குப்பை. இனிமே எனக்கு எல்லாம் நீங்கதான்."

இத்தனை வருஷம் ஊர்க்கண்ணை வாங்கிய பழைய பொம்மைக்கு, அதை எப்படிப் போடுவது என்றுகூடவா தெரியாமல் போகும்? சுவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"அம்மாடி! எவ்வளவு அழகா இருக்கே, தம்பி!"