வியாபாரம் அமோகம்

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரு வாயிலேருந்தும் ‘வியாபாரம் டல்’லுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தா, சங்கத்தை விட்டே தூக்கிடுவேன்!” என்றார் சந்தைத் தலைவர்.

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் அவசரமாகக் கூட்டப்பட்டிருந்த வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரி அதிகாரி வந்தாலும் சரி, சொந்தச் சம்பந்தி வந்தாலும் சரி, “என்னமோ ஓடுது” என்று மூக்கைச் சிந்தியே பழகியவர்கள் அவர்கள். மூட முடியாமல் நிரம்பியிருக்கும் கல்லாவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அழுவார்கள்.

“நல்லா நடக்குதுன்னு வெளியில சொன்னா கண்ணு பட்டுடாதா தலைவரே?” என்றாள் வெங்காயக் கடை அக்கா.

“பட்டா பட்டுட்டுப் போகுது. வாசல்ல நின்னு லாரியை எண்ணிட்டிருக்காங்களே ஒரு அம்மா, அவங்க யாரு தெரியுமா? வளர்ச்சி வங்கி அதிகாரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்கரைச் சந்தைக்குக் குறைஞ்ச வட்டியில முதல் கொடுத்தாங்களே, அதே வங்கி. சோதனைத் திட்டமாம். பலன் இருக்கான்னு பார்க்க வந்திருக்காங்க.”

“அக்கரைக்குக் கொடுத்ததை இக்கரையில வந்து ஏன் மாமா பார்க்கணும்?” என்றான் சங்கச் செயலாளர். தலைவரின் மனைவிக்குத் தம்பி. அந்த ஒரு தகுதியில்தான் செயலாளர்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “டிரைவர் கரை மாத்தி இறக்கி விட்டுட்டான் மச்சான். நாமளா போய் வழி சொல்லணுமா என்ன? திட்டம் நல்லா நடக்குதுன்னு எழுதினா அடுத்த கட்டமா பத்து மடங்கு வருதாம். வந்தா நமக்குக் குளிர்பதனக் கிடங்கு!”

அந்தக் கிடங்கு மூன்று சங்கத் தேர்தலாக அவர் கொடுத்துவரும் வாக்குறுதி. மத்தியானத்துக்கு மேல் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகும் தக்காளி, தினமும் அவரைப் பார்த்துச் சிரித்தது. நாலாவது தேர்தல் அடுத்த மாதம்.

அதிகாரி அம்மா லேசுப்பட்டவர் இல்லை. நேற்று இருபது மூட்டை போனது என்று வெங்காய அக்கா சொன்னதும், கடைக்குப் பின்னால் போய்க் காலிச் சாக்குகளை எண்ணினார். இருபத்திரண்டு இருந்தது. “குறைச்சுச் சொல்றீங்களே?” என்றார்.

“பழக்க தோஷம்மா!” என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

‘அடடா, எண்ணிப் பார்க்காம எதையும் நம்பாத நம்ம ஜாதகம்!’ என்று தலைவருக்கு அதிகாரிமேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. சங்க அறையில் உட்கார வைத்து, உள்ளே வரும் வண்டிகளுக்கு வாசலில் கிழித்த நுழைவுச் சீட்டுக் கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார்.

“நீங்களே பாருங்கம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாளைக்கு நாப்பது வண்டி. இப்போ எழுபது.”

அதில் ஒரு சீட்டுகூடப் பொய் இல்லை. அக்கரைக்குப் பணம் வந்த வயிற்றெரிச்சலில், இக்கரைக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கடை திறந்தார்கள். ஹோட்டல் வாசலுக்கே கூடையைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பங்காளிச் சண்டையைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள். சந்தை வளர்ந்துவிட்டது.

“அபாரம்! இந்த வளர்ச்சிக்கு என்ன காரணம்னு நினைக்கறீங்க?” என்றார் அதிகாரி.

“வேற என்னம்மா? உங்க வங்கி கொடுத்த முதல்தான்!”

பேனா நின்றது. “எங்க வங்கி கொடுத்ததா?”

“பின்னே? அது மட்டும் வரலைன்னா நாங்க எல்லாம் தெருவுல நிக்கணும்” என்றான் செயலாளர், கூசாமல்.

“என் பையன் படிக்கறதே அதாலதான்” என்றாள் அக்கா. அவளுக்குப் பையனே கிடையாது. தலைவர் காலால் அவள் காலை மிதித்தார்.

அதிகாரி புன்னகையோடு எதையோ எழுதினார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று தலைவருக்குப் பட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இவ்வளவு பண்ணின சந்தைக்கு அடுத்த கட்டத்துல ஒரு குளிர்பதனக் கிடங்கு கொடுத்தா, எழுபதை நூறாக்கிக் காட்டறேன். முடியாதுன்னு சொல்லுங்க, தொண்ணூறுக்கு இறங்கி வர்றேன்.”

“தலைவரே, உங்ககிட்ட தக்காளி வாங்கவே பயமா இருக்கு” என்று சிரித்தபடி அதிகாரி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். “ஆனா நான் கரை மாறி வரலை. காலையில அக்கரையைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

செயலாளர் மெல்ல மாமாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

“பணம் கொடுத்த சந்தையை, கொடுக்காத சந்தையோட வெச்சுப் பார்த்தாத்தானே பணத்தோட பலன் தெரியும்? அப்படி ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகவே நாங்க கொடுக்காம விட்டு வெச்ச சந்தை உங்களுடையது. நீங்க சொன்ன காரணத்தை நான் எழுதிக்கலை. வண்டிக் கணக்கை மட்டும் எழுதிக்கிட்டேன். அக்கரையில கூடினது இருபது வண்டி, இங்க முப்பது. பணத்தால பலன் இல்லைன்னுதான் அறிக்கை போகும், திட்டத்தை மூடிடுவாங்க.”

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“அக்கரை மட்டும் உங்களைவிடக் கொஞ்சம் நல்லா இருந்திருந்தா, அடுத்த கட்டப் பணம் முழுசும், முதல் தடவை கொடுக்காம விட்ட உங்களுக்குத்தான் வர்றதா இருந்தது.”