நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் காசு

ஜெயகுமார் பிணத்தின் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

மாமனார் மேல் மருமகனுக்கு எவ்வளவு பாசம் பார் என்று பூனாகலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

சிவசக்தி மூக்கைச் சிந்தவில்லை, அவன் கண் போகும் இடத்தையே பார்த்தாள். செத்துக் கிடப்பது அவளுடைய அப்பா இராசையா. குனிந்திருப்பது அவளுடைய புருஷன். அவன் பார்ப்பது அப்பாவின் முகத்தை அல்ல, நெற்றியில் இருந்த காசை.

சதுரமான பழைய ஐந்து சதம். குளிப்பாட்டி முடித்ததும் சந்தனம் குழைத்து, ராசா தலை மேலே தெரியும்படி அவள்தான் ஒட்டினாள்.

பதினாலு வருஷமாக இந்தக் காசுப் பைத்தியத்தோடு குடித்தனம் நடத்துகிறாள். சோறு ஆறிப் போகும். அவன் லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு பாடம் எடுப்பான். நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் காசு என்றால் தடிப்பு, நாற்பத்தைந்து என்றால் தட்டை. ராசா தலை இரண்டிலும் ஒன்றுதான், ஓரத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கல்யாண வீட்டு ஆலாத்தித் தட்டில் விழுந்த சில்லறையையே கிளறிப் பார்த்த ஆள்.

அப்பாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த தடித்த காசை, அவர் பிறந்த வருஷத்துக் காசு என்று கண்டு சொன்னதும் அவன்தான். அன்றிலிருந்து அப்பா அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். செத்தால் நெற்றியில் அதைத்தான் வைக்க வேண்டும், அதோடுதான் குழிக்குள் இறக்க வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

குழிக்குப் போகுமுன் இவன் அதைச் சுரண்டி எடுத்துவிடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வெளியே தப்பு அடிக்கும் சத்தம் நின்றது. பெட்டியை மூட ஆட்கள் எழுந்தார்கள்.

ஜெயகுமார் இன்னும் தாழக் குனிந்தான். பிணத்தின் காதோடு காது உரசத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காசின் ஓரத்தைப் பார்த்தான்.

சீ, என்ன ஜென்மம் இது. எட்டி உதைக்கலாம் போலிருந்தது. ஊரே கூடியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் நிமிர்ந்தான். கை காசைத் தொடவே இல்லை. கண் நிறைந்திருந்தது.

பெட்டியைப் பிடித்தவர்களைக் கையமர்த்திவிட்டு, அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

“சக்தி, இது தட்டைக் காசு. மாமாவோடது இல்ல. நீங்கதான் பாத்து வைக்கணும் மருமகனேன்னு என் கையப் புடிச்சுச் சொன்னாரு. குழிக்குப் போற மனுசன்கிட்ட எந்த நாயி கை வச்சுச்சு?”

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எப்படியும் இவன் எடுக்கத்தான் போகிறான், அதற்கு முன்னால் நாம் எடுத்தால் என்ன என்றுதான் நினைத்தாள். போன செவ்வாய்க்கிழமை பதுளை பஸாரில் பழைய காசு வாங்கும் மொஹிதீன் கடையில் அப்பாவின் தடித்த காசை விற்றுவிட்டு, தட்டைக் காசு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அப்பா உயிரோடுதான் இருந்தார். மழையில் நனைந்தாயா என்றுகூடக் கேட்டார்.