கேப்டன் அறைக்குப் பதினேழு குறை

"கேப்டன் ரூம் விளக்கு ரெண்டு விரக்கடை தள்ளி இருக்கணுமாம்!"

நோட்டை மேஜையில் விட்டெறிந்தாள் தங்கை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இது எத்தனாவது குறை?"

"பதினஞ்சு. அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையாண்ணா?"

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அப்படியே கட்டித் தரவேண்டும். அருங்காட்சியகம் கொடுத்த வேலை. வருகிறவர்கள் பெரிய திரையில் அதற்குள் நுழைந்து, தளம் தளமாகச் சுற்றிப் பார்ப்பார்களாம். தங்கை கட்டுவாள், அண்ணன் போன் பேசுவான், கம்பெனியே அவ்வளவுதான். இந்த வேலை கைநழுவினால் பூட்ட வேண்டியதுதான்.

எழுபத்திரண்டு பீரங்கி, நானூறு கயிறு, பாய், நங்கூரம் எல்லாம் முடிந்து மூன்று வாரமாகிறது. சரிபார்க்கிறவர் கையெழுத்துப் போட்டால்தானே? அவரோ தினம் ஒரு குறை எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நேரில் பேசக் கூடாது, போனும் கூடாது, எதுவானாலும் நோட்டில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். நொட்டை நொள்ளை சொல்வதே பிழைப்பு என்பதால் அவருக்கு 'நொட்டையார்' என்று பெயர் வைத்திருந்தார்கள் அண்ணனும் தங்கையும்.

"அவ்வளவு பெரிய கப்பல்ல வேற இடமே கிடைக்கலையா? முதல்ல கேப்டன் ரூம் தாழ்ப்பாள், அப்புறம் நாற்காலிக் கால், இப்ப விளக்கு!"

"போன ஜென்மத்துல அங்கதான் குடியிருந்தாரோ என்னவோ."

மறுநாள் பதினாறாவது குறை வந்தது. 'கேப்டன் அறையின் கூரைச் சட்டங்களை எண்ணவும்.'

கம்ப்யூட்டரில் இருந்த உதிரிப் பட்டியலைப் பார்த்து எண்ணினாள். பதினொன்று. பழைய வரைபடத்திலும் பதினொன்று. 'எண்ணியாயிற்று. சரியாகவே உள்ளது' என்று பேப்பர் கிழிய எழுதி அனுப்பினாள்.

பதினேழாவது இன்னும் மோசம். 'கேப்டன் அறையில் காற்று அதிகம்போல் தெரிகிறது. ஆவன செய்யவும்.'

"காத்தா? கம்ப்யூட்டருக்குள்ள காத்தடிக்குதா அவருக்கு?"

"விடும்மா. நாளைக்குக் கடைசி நாள். ரெண்டு ஜன்னலைச் சாத்தி அனுப்பு, ஒழியட்டும்."

மறுநாள் அருங்காட்சியகக் கூடத்தில் கப்பலைக் காட்டினார்கள். நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார் தலைமை மேடம். பீரங்கி ஒன்று கூடிப்போச்சு என்பதற்காகப் போன தடவை ஒரு கம்பெனியையே வெளியே அனுப்பிய புண்ணியவதி. ஓரத்தில் ஃபைலும் கையுமாக நொட்டையார் நின்றார்.

திரையில் கப்பல் அசைந்தது. பாய்கள் உப்பின. மேடத்தின் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! கேப்டன் ரூமுக்குள்ள போங்க. வர்றவங்க எல்லாரும் முதல்ல அங்கதான் ஓடுவாங்க."

தங்கை மவுஸில் கை வைத்தாள்.

தடால்!

வயரில் கால் இடறி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் நொட்டையார். பெரிய திரை இருண்டது.

"கர்மம்! இருங்க, எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வரேன்" என்று அவரை முறைத்துக்கொண்டே வெளியே போனார் மேடம்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "கடைசி நாள்லயும் கழுத்தறுத்துட்டீங்களே சார்! நாங்க என்ன பாவம் பண்ணோம் உங்களுக்கு?"

நொட்டையார் எழுந்திருக்கவேயில்லை. பிடுங்கிய பிளக் அவர் கையிலேயே இருந்தது.

"திட்டறதை அப்புறம் திட்டுங்க" என்று கிசுகிசுத்தார். "அம்மா, உங்க லேப்டாப்ல அந்த ரூமுக்குக் கூரையைப் போட்டுப் பாருங்க. சீக்கிரம்!"

கூரையா? உள்ளே வேலை செய்ய வசதியாக அதை மறைத்து வைத்துவிட்டு, மாதக்கணக்காக மேலேயிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். இப்போது கூரையை வரவழைத்தாள்.

கேப்டன் மேஜைக்கு நேர் மேலே மூன்று றெக்கை சீலிங் ஃபேன் ஒன்று ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! அண்ணா, அந்த ஃப்ளாட் விளம்பரம்!"

போன வருஷம் ஒரு ஃப்ளாட் விளம்பரத்துக்குச் செய்த ஹாலைத்தான் நகலெடுத்துக் கேப்டன் அறையாக மாற்றியிருந்தாள். சோபாவை எடுத்தாள், டிவியை எடுத்தாள். ஃபேன் மட்டும் கூரையோடு கூரையாக மறைந்துகொண்டது.

ஒரே ஒரு தட்டு. ஃபேன் போயே போச்சு.

"இதை நேராவே எழுதியிருக்கலாமே சார்?" என்றாள் தங்கை.

"நோட்டை முதல்ல படிக்கிறது மேடம்தான். ஃபேன்னு எழுதியிருந்தா அன்னிக்கே உங்களை அனுப்பிச்சிருப்பாங்க. எவ்வளவு உழைச்சிருக்கீங்க! அந்த ரூம்லயே சுத்த விட்டா நீங்களா ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்ப்பீங்கன்னு..."

காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் பிளக்கை மாட்டினான். திரை வெளிச்சமானது. மேடம் நேராக நொட்டையார் மேல் பாய்ந்தார்.

"காலடியில கிடக்கற வயர் கண்ணுக்குத் தெரியலை. நீங்கல்லாம் கப்பலைச் சரிபார்த்து என்னத்தைக் கிழிச்சீங்க?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றார் அவர்.

"மன்னிச்சுடுங்க மேடம். எனக்குக் கவனம் போதாது."