முக்கி எடுத்த படை

“யாரைக் கேட்டு இப்படிப் பண்ணினீங்க?”

கேப்டன் போட்ட சத்தத்தில் கிளப்பே எழுந்து நின்றது.

மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் அறுபது பொம்மைப் போர்வீரர்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய காலாட்படை. நீலக் கோட்டு, வெள்ளை வார் என்று மூன்று மாதம் குனிந்த தலை நிமிராமல் கேப்டன் வண்ணம் தீட்டியவை. இப்போது அறுபதும் சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி பழுப்பாகக் கிடந்தன.

எதிரே கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றவர் கேப்டனின் சம்பந்தி, மகளுடைய மாமனார். தையல்கடை வைத்திருப்பவர்.

கேப்டன் நிஜக் கேப்டன் இல்லை. கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் பொம்மைப் படைகளை மோதவிட்டு ஆடும் மேஜைப் போரில் ஆட்களை அதட்டி நகர்த்துவதால் வந்த பெயர் அது.

அன்றைய போரில் இருவரும் ஒரே பக்கம். கேப்டனுடைய அறுபது, சம்பந்தியின் அறுபது, சேர்ந்தால்தான் முழுப் படை. தம் வீரர்களைக் கேப்டன் கொடுத்து வைத்தது காலடிப் பீடத்துக்காக மட்டும்தான். பசை தடவி, மணல் தூவி, நாலு புல் ஒட்டினால் போதும். சம்பந்தி அதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவனையும் பழுப்பு வார்னிஷ் டப்பாவில் முக்கி, உதறி, காயவைத்துவிட்டார். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்கள் பிடிக்கும் குறுக்குவழி அது.

“என்னோடதையும் முக்கிட்டேன் சம்பந்தி. நடந்தே சண்டைக்கு வர்றவன் கோட்டு புதுசாவா இருக்கும்? ரெண்டு பேர் ஆளுங்களும் ஒண்ணா நிக்கட்டுமேன்னுதான்...”

“உங்களோடதை முக்குங்க, கொளுத்துங்க! என்னோடதை ஏன் தொட்டீங்க? என் மூஞ்சில கரியைப் பூசிட்டீங்களே!”

“தப்புதான் சம்பந்தி.”

“மெஷினைக் கடகடன்னு ஓட்டுற ஆளுக்குப் பொறுமைன்னா என்னன்னு தெரியுமா? இனிமே என் பொம்மையையும் தொடாதீங்க, என் வாசப்படியையும் மிதிக்காதீங்க!”

பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படியா பேசுவது என்று யாரோ முணுமுணுத்தார். சம்பந்தி தம் அறுபது பேரையும் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்றார் கேப்டன். கிளப்பில் அப்போது ஆத்திரத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

ஏழு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் ஒருநாள் மகள் வந்து சொன்னாள்.

“மாமா அவரோட வீரர்களையெல்லாம் ஒரு ஸ்கூலுக்குக் குடுத்துட்டார்ப்பா. பாதிப் படையை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னார். பிரஷ்ஷையே தொடறதில்ல.”

“நல்லதாப் போச்சு. அவர் தொடாம இருக்கிறதே பெரிய உபகாரம்.”

கேப்டன் ரோஷத்தோடு புதிதாக அறுபது வீரர்களை எடுத்து உட்கார்ந்தார். வார்னிஷ் வாசனையே படாமல் முடித்துக் கிளப்புக்குக் கொண்டுபோனார்.

“கேப்டன் கேப்டன்தான்!” என்றார்கள். மூன்று பேர் போட்டோகூட எடுத்தார்கள். கேப்டனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் கால் தவறியது. கண்ணைக் காட்டச் சொல்லி மகள் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கழுகுக் கண்ணு என்று தட்டிக்கழித்தவரால் இந்தத் தடவை முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அடுத்தடுத்து ஆபரேஷன் நடந்தது.

சொட்டு மருந்து போட மகள் வந்திருந்த காலையில் கேப்டன் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“வெள்ளை அடிச்சீங்களா? மஞ்சளாத்தானே இருந்துச்சு?”

“எப்பவும் வெள்ளைதான்ப்பா.”

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

புதிய அறுபது பேரில் ஒருத்தன் கோட்டு கத்திரிப்பூ நிறம். பக்கத்தில் நின்றவன் கோட்டு கறுப்பு. இன்னொருத்தனுக்கு மட்டும் நீலம். வெள்ளை வார் ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு இருந்தது, மற்றவர்களுக்கெல்லாம் பளீர் மஞ்சள்.

“யாரு இதைத் தொட்டது? மறுபடியும் அந்த மனுஷன் வந்தாரா?”

“யாரும் வரலப்பா. இது புரைக் கண்ணோட நீங்களே தீட்டினது.”

கேப்டன் ஒருத்தனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த மூன்று போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. காது சுட்டது.

“அப்போ... அந்த முதல் அறுபதும்?”

“இதே கதைதான். மாமா நூலுக்கும் துணிக்கும் கலர் சேர்த்தே வயசானவர். பெட்டியைத் திறந்ததும் புரிஞ்சுபோச்சு. கிளப்ல யாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சிடக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சார். வார்னிஷ்ல முக்கினா எல்லாக் கலரும் ஒரே மண்ணாத் தெரியும்ல? உங்களைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லி என்னை விரட்டினதும் அவர்தான்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீங்க பிரஷ்ஷைக் கீழ வச்சிடுவீங்களாம். உங்களுக்கு வேற என்ன இருக்குன்னு கேட்டார்.”

“சரி, அவரோடதை ஏன் முக்கினார்? போன வருஷம் பரிசு வாங்கின படையாச்சே அது!”

“உங்களோடதை மட்டும் முக்கினா ஏன்னு எல்லாரும் கேட்பாங்களேப்பா.”

கேப்டனுக்குத் தாம் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாகத் திரும்பி வந்தது. அதில் ஒன்றைக்கூட இனி அள்ளிக்கொள்ள முடியாது.

“அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு பேசினேனே... அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?”

மகள் மருந்துக் குப்பியை மூடினாள்.

“‘நல்லவேளைம்மா, சம்பந்திக்கு எதுவும் தெரியல’ன்னு சொல்லிட்டுச் சாப்பிட உக்காந்தார்ப்பா.”