வாசல் பொத்தான்

"வாரா வாரம் ஆன்லைன்ல ஒரு சவாலாம், அதுக்கு நீ ஒரு கம்ப்யூட்டர் பாடம் செய்யணுமாம்! பேசாம கடைக்கு வந்து உக்காரு," என்றார் பூந்தமல்லி ஜவுளிக்காரர் ஜாபர் அலி.

"பாடம் செஞ்சு பழகினாத்தான் அத்தா வேலை கிடைக்கும். இந்த வாரம் நான் செஞ்சது துணிக்கடை பேரம். உங்களுக்கு ரெண்டு வாய்ப்பு. ஜெயிச்சா கடைக்கு வரேன். தோத்தா என்னை விட்டுடணும்," என்று லேப்டாப்பைத் திருப்பினாள் மகள் உஸ்மா.

துணி பேரத்தில் அவரிடமே பந்தயமா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

திரையில் ஒரு புடவை, இரண்டு ஆள்கள். பேரம் படியவில்லை. அடுத்து என்ன செய்வது? மூன்று பொத்தான்கள்: டீ, குடும்ப விசாரிப்பு, வாசல்.

டீயை அழுத்தினார். 'தவறு!'

"இன்னாம்மா இது? டீ குடிச்ச கிராக்கி வெறுங்கையோட போனதே இல்லியே!"

குடும்ப விசாரிப்பை அழுத்தினார். 'தவறு!'

இரண்டு வாய்ப்புகளும் போய்விட்டன. உஸ்மா வாசலை அழுத்தினாள். திரையில் ஓர் ஆள் எழுந்து வாசலை நோக்கி நடந்தான். 'சரி! இனி விலை இறங்கும்.'

"வெல எறங்கினா நமக்கு இன்னாம்மா லாபம்?"

"லாபந்தான் அத்தா. இதுல நீங்க விக்கிறவர் இல்ல, வாங்க வந்தவர். பாடத்தோட பேரே 'ஏமாறாமல் துணி வாங்குவது எப்படி?'"

"இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொன்னது?"

"லீவு நாள்ல உங்க பக்கத்துல உக்காந்து பாத்ததுதான்."

ஜாபர் அலி குரலைத் தாழ்த்தினார். "நீ இனிமே கடைப்பக்கமே வர வேணாம்மா. இதையே பாரு. பாடத்துல அந்தப் புடவைய மட்டும் எடுத்துட்டு, செருப்பு வெச்சுடேன்!"